ஒன்றா, வேறா? – வலை முகவரிகளும் ஜாவா மொழியின் ஒரு குறைபாடும்

சமக்குறி இடுவது எளிய செயல் என்றே நாம் எண்ணுகிறோம். இரண்டும் இரண்டும் நான்கு. இடப்பக்கமும் வலப்பக்கமும் சமம். ஆனால் எண்களை விட்டுப் பொருள்களுக்கு வந்தால் சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஓர் ஊரில், பெரிய தெருவில், 12 ஆம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மருந்துக்கடையும் மாடியில் தையற்கடையும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிற்கும் கதவிலக்கம் ஒன்றே. அதற்காக இரண்டும் ஒரே கடை என்று எவரேனும் கூறுவாரா? தைக்கக் கொடுத்த சட்டையை மருந்துக்கடையில் சென்று கேட்பாரா?

மனிதர் எவரும் கேட்கமாட்டார். ஆனால் உலகெங்கும் பயன்படும் ஒரு கணிப்பொறி மொழி கேட்கிறது! சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1996 இல் வெளியிட்ட ஜாவா மொழியே அது. 2010 முதல் அது ஆரக்கிள் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்து வருகிறது. அம்மொழியோடு சேர்ந்தே வரும் ‘யு.ஆர்.எல்.’ என்ற கிளாஸ், இரண்டு வலை முகவரிகள் சமமா என்று கண்டறியும் முறையில் ஓர் அடிப்படைக் குறை உள்ளது. கல்லூரிகளில் ஜாவா பயிலும் மாணவர் பலர் இந்தக் கிளாசைப் பயன்படுத்த நேரும். ஆதலால் அக்குறை எத்தகையது, எவ்வாறு நுழைந்தது, ஏன் இன்னும் நீங்கவில்லை என்பனவற்றை இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

பெயரும் எண்ணும்

வலை முகவரி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் சில உறுப்புகள் தென்படும். முதலில் எச்.டி.டி.பி. போன்ற நெறிமுறை, அடுத்து தளத்தின் பெயர், பிறகு போர்ட் எண், அதன்பின் அத்தளத்தில் உள்ள பக்கத்திற்குச் செல்லும் பாதை, இறுதியில் அப்பக்கத்தின் ஒரு பகுதியைச் சுட்டும் குறிப்பு. இவற்றுள் போர்ட் எண்ணையும் பகுதிக் குறிப்பையும் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுவர்.

தளத்தின் பெயர் நம் வசதிக்காக ஏற்பட்டது. கணிப்பொறிகள் ஒன்றையொன்று ஐ.பி. எண் கொண்டே அறிகின்றன. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் ஏற்பாட்டிற்கு டி.என்.எஸ். என்று பெயர். 1983 இல் பால் மொக்கபெட்ரிஸ் இதனை வகுத்தார். தொலைபேசிப் புத்தகம் போன்றது என்று இதனைக் கூறுவதுண்டு. ஆயினும் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். தொலைபேசிப் புத்தகம் நம் வீட்டு அலமாரியில் இருக்கும், டி.என்.எஸ். பட்டியலோ உலகெங்கும் பரவிக் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் வலையின் வழியே யாரையேனும் கேட்டுத்தான் விடை பெற வேண்டும். இன்று கிடைத்த விடை நாளை மாறலாம். சில வேளைகளில் விடையே கிடைக்காமலும் போகலாம்.

யு.ஆர்.எல். கிளாசில் ‘ஈக்குவல்ஸ்’ என்ற மெத்தட் உண்டு. இரண்டு முகவரிகளின் நெறிமுறை, போர்ட், பாதை, பகுதிக் குறிப்பு ஆகியவை ஒத்திருக்கின்றனவா என்று அது பார்க்கும். இதுவரை சரியே. தளத்தின் பெயருக்கு வரும்போது மட்டும் அது எழுத்துகளை ஒப்பிடுவதில்லை. இரண்டு பெயர்களையும் டி.என்.எஸ். மூலம் ஐ.பி. எண்களாக மாற்றி, அவ்வெண்களை ஒப்பிடுகிறது. ஏதேனும் ஒரு பெயருக்கு எண் கிடைக்காவிட்டால் மட்டுமே பெயர்களின் எழுத்துகளைப் பார்க்கிறது. கதவிலக்கத்தைக் கொண்டு கடையை அடையாளம் காணும் வேலை என்று நாம் கூறியது இதனையே.

சமம் என்பதன் இலக்கணம்

இயற்பியல் மாணவர்களுக்கு வெப்ப இயக்கவியலின் சுழி விதி நினைவிருக்கும். அ என்ற பொருளும் ஆ என்ற பொருளும் வெப்பச் சமநிலையில் இருந்து, ஆவும் இ என்ற பொருளும் வெப்பச் சமநிலையில் இருந்தால், அவும் இயும் சமநிலையில் இருக்கும். பார்ப்பதற்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும் இவ்விதி இல்லையேல் வெப்பமானி என்ற கருவியே பயனற்றதாகிவிடும். வெப்பமானி காட்டும் அளவை நம்பி, இரு ஊர்களின் வெப்பநிலை ஒன்று என நாம் கூற முடிவது இதனால்தான்.

ஜாவா மொழியும் இதே போன்ற விதிகளைத் தன் சமத்துவத்திற்கு விதித்திருக்கிறது. ஒரு பொருள் தனக்குத்தானே சமமாக இருக்க வேண்டும். அ ஆவுக்குச் சமமெனில் ஆவும் அவுக்குச் சமமாக வேண்டும். அ ஆவுக்கும், ஆ இக்கும் சமமெனில் அ இக்குச் சமமாக வேண்டும். பொருள்களில் மாற்றம் செய்யாத வரையில் எத்தனை முறை கேட்டாலும் விடை மாறக்கூடாது.

இவ்விதிகள் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஜாவாவில் பொருள்களைச் சேர்த்து வைக்கும் ‘ஹாஷ்செட்’, ‘ஹாஷ்மேப்’ முதலியவை இவற்றை நம்பியே இயங்குகின்றன. அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் அறைப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளிலிருந்தும் ‘ஹாஷ்கோட்’ என்ற மெத்தட் ஓர் எண்ணைக் கணக்கிட்டுத் தருகிறது; அவ்வெண்ணுக்குரிய அறையில் பொருள் வைக்கப்படுகிறது. பின்னர்த் தேடும்போது அதே எண்ணைக் கணக்கிட்டு, அந்த ஓர் அறையை மட்டும் திறந்து, அங்குள்ளவற்றோடு ‘ஈக்குவல்ஸ்’ கொண்டு ஒப்பிட்டால் போதும். பத்தாயிரம் பொருள்கள் இருந்தாலும் தேடல் விரைவாக முடிவது இதனால்தான். யு.ஆர்.எல். கிளாசின் ஹாஷ் எண்ணோ, ஐ.பி. எண் கிடைத்தால் அதனைக் கொண்டும், கிடைக்காவிட்டால் பெயரின் எழுத்துகளைக் கொண்டும் கணக்கிடப்படுகிறது. ஆகவே கடிதம் எந்த அறைக்குச் செல்லும் என்பதை, அந்நேரத்தில் வலை இணைப்பு இருந்ததா என்பதே முடிவு செய்கிறது!

நான்கு கேடுகள்

முதற்கேடு, வேறானவற்றை ஒன்றென்று கொள்வது. ஒரு பள்ளி அறிவியல் கழகத்தினர் நல்ல வலைத்தளங்களின் பட்டியல் ஒன்றைத் தொகுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே முகவரி இருமுறை வரக்கூடாது என்பதற்காக ஹாஷ்செட்டைப் பயன்படுத்துகிறார்கள். மல்லிகை, முல்லை என்ற இரண்டு தளங்கள் ஒரே நிறுவனத்தின் கணிப்பொறியில், ஒரே ஐ.பி. எண்ணில் குடியிருக்கின்றன. இரண்டின் முகப்புப் பக்கத்திற்கும் பாதை ஒன்றே, அதாவது ஒரு சாய்கோடு. யு.ஆர்.எல். முறைப்படி இரண்டும் சமம். மல்லிகை பட்டியலில் ஏறிய பின் முல்லையைச் சேர்த்தால், ‘இது ஏற்கெனவே இருக்கிறது’ என்று கருதிச் செட் அதனை ஒதுக்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரு தளம் சத்தமின்றிக் காணாமற்போகும். இது பட்டியலோடு நின்றால் பெரிதில்லை. எந்த முகவரிக்கு எந்த அனுமதி என்று ஹாஷ்மேப்பில் எழுதிவைத்திருந்தால், மல்லிகைக்குக் கொடுத்த அனுமதியை முல்லைக்காரர் பெற்றுவிடுவார்.

இரண்டாம் கேடு, ஒன்றானதை வேறென்று கொள்வது. மக்கள் பெருமளவில் நாடும் தளங்கள் ஒரே பெயருக்குப் பல ஐ.பி. எண்களை வைத்திருப்பது வழக்கம். கேட்குந்தோறும் அவற்றின் வரிசையை மாற்றித் தருவதும் உண்டு. ஜாவா அவற்றுள் முதலாவதை எடுத்துக்கொள்கிறது. பெற்ற விடையை வழக்கமான அமைப்பில் 30 வினாடிகளே நினைவில் வைக்கிறது. ஆகவே காலையில் செட்டில் இட்ட முகவரியை மாலையில் அதே எழுத்துகளோடு புதிதாக உருவாக்கித் தேடினால், ஹாஷ் எண் வேறாகி, ‘இல்லை’ என்ற விடை வரலாம். பொருள் அறைப்பெட்டியில்தான் இருக்கிறது; தேடுபவர் வேறு அறையைத் திறந்துகொண்டிருக்கிறார்!

மூன்றாம் கேடு, சுழி விதி போன்ற விதியே முறிவது. அ என்பது மல்லிகையின் முகவரி. ஆ என்பது முல்லையின் முகவரி. இரண்டும் எண்களைப் பெற்றுத் தம்முள் நினைவில் வைத்திருக்கின்றன. ஆகவே அவும் ஆவும் சமம். இப்போது வலை இணைப்பு அறுந்துவிடுகிறது. சற்று நேரம் கழித்து, மல்லிகையின் முகவரியை மீண்டும் எழுதி இ என்ற புதிய பொருளை உருவாக்குகிறோம். இக்கு எண் கிடைக்கவில்லை. எனவே ஒப்பீடு பெயர்களால் நிகழ்கிறது. இயும் அவும் ஒரே பெயர், ஆதலால் சமம். இயும் ஆவும் வேறு பெயர், ஆதலால் சமமல்ல. இ அவுக்குச் சமம், அ ஆவுக்குச் சமம், ஆனால் இ ஆவுக்குச் சமமன்று! இத்தகைய வெப்பமானியை எந்த ஆய்வுக்கூடத்திலும் வைத்திருக்க மாட்டார்கள்.

நான்காம் கேடு காலம் பற்றியது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. விடை சொல்ல வேண்டிய கணிப்பொறி 4,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், போய்வர 8,000 கிலோமீட்டர். வேறெந்தத் தாமதமும் இல்லையெனக் கொண்டாலும் 40 மில்லிவினாடி கழிந்துவிடும். வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலி அந்த இடைவெளியில் 12 கோடி முறை துடித்திருக்கும். சில பத்து எழுத்துகளை ஒப்பிட அதற்குச் சில நூறு துடிப்புகள் போதும். பத்தாயிரம் வெவ்வேறு தளங்களைச் செட்டில் சேர்க்க, ஒவ்வொன்றுக்கும் 40 மில்லிவினாடி வீதம் 400 வினாடி, அதாவது ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆகும். எவரும் வலையைத் தொடவேண்டுமென்று எழுதாத ஒரு வரியில், நிரல் இவ்வாறு வலைக்காகக் காத்து நிற்கிறது.

ஏன் இவ்வாறு அமைத்தார்கள்?

வடிவமைத்தவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அக்காலச் சூழலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1996 மே மாதத்தில் ஆவணமாக்கப்பட்ட எச்.டி.டி.பி. 1.0 நெறிமுறையில், உலாவி தான் நாடும் தளத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எண்ணைக் கொண்டு கணிப்பொறியை அடைந்து, பாதையை மட்டும் கேட்டால் போதும். அந்நிலையில் ‘ஒரே எண், ஒரே பாதை, ஆகவே ஒரே பக்கம்’ என்ற எண்ணம் ஓரளவு பொருந்தியது. ஒரே கணிப்பொறிக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் அவற்றை ஒன்றென உணரும் முறை, அறிவார்ந்ததாகவும் தோன்றியிருக்கும்.

ஆனால் 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1, ஒவ்வொரு வேண்டுகோளிலும் தளத்தின் பெயரைக் கூறியே ஆகவேண்டும் என்று விதித்தது. இதனால் ஒரே ஐ.பி. எண்ணில் எத்தனை தளங்கள் வேண்டுமானாலும் குடியிருக்க வழி பிறந்தது. அதற்குத் தேவையும் இருந்தது. 32 பிட் கொண்ட ஐ.பி. எண்களின் மொத்தத் தொகை ஏறத்தாழ 429 கோடியே; அவற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியிருந்தது. இன்று ஒரே எண்ணுக்குப் பின்னால் பல்லாயிரம் தளங்கள் இருப்பதும் வியப்பன்று. ஆக, ஜாவா வெளிவந்த மறு ஆண்டிலேயே அதன் கருதுகோளுக்கு அடிப்படை போய்விட்டது.

இதன்பின் நிகழ்ந்ததே நம் கண்டனத்திற்கு உரியது. குறை தெரியாமல் இல்லை. கிளாசின் ஆவணத்திலேயே, இம்மெத்தட் வலைக்காகக் காத்து நிற்கும் என்றும், ஒரே எண்ணில் பல தளங்கள் இருக்கும் எச்.டி.டி.பி. முறையோடு இது பொருந்தாது என்றும் குறிப்பு உள்ளது. 2023 இல் வந்த 21 ஆம் பதிப்பின் ஆவணத்திலும் அதே குறிப்பு, அதே மெத்தட். ஜாவாவின் கலெக்‌ஷன்ஸ் தொகுதியை வடிவமைத்த ஜாஷ்வா பிளாக், ‘எஃபெக்டிவ் ஜாவா’ என்ற தம் நூலின் 2008 ஆம் ஆண்டுப் பதிப்பில், நம்பகமற்ற மூலங்களைச் சார்ந்து ‘ஈக்குவல்ஸ்’ எழுதக்கூடாது என்பதற்கு இதனையே எடுத்துக்காட்டாக வைத்தார். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஃபைண்ட்பக்ஸ்’ என்ற பிழை காணும் கருவி, யு.ஆர்.எல். பொருள்களைச் செட்டிலோ மேப்பிலோ இட்டால் எச்சரிக்கை தருகிறது.

அப்படியானால் ஏன் திருத்தவில்லை? பழைய நிரல்கள் பழைய நடத்தையை நம்பி எழுதப்பட்டிருக்கும். மாற்றினால் அவை பழுதாகும் என்பதே கூறப்படும் காரணம். பழைய நிரலைக் காப்பது உயர்ந்த கொள்கைதான். ஆனால் வலை இணைப்பைப் பொறுத்து விடை மாறும் ஒரு மெத்தட்டை நம்பி எந்த நிரல் சரியாக இயங்க முடியும்? இக்காரணத்தின் வலிமையைச் சோதிக்க ஒரு சான்றும் உண்டு. ஜாவா மொழியைப் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு, 2011 இல் வந்த தன் 4.0 பதிப்பில், தளப்பெயர்களை எழுத்துகளாலேயே ஒப்பிடுமாறு தன் யு.ஆர்.எல். கிளாசை மாற்றிக்கொண்டது. கோடிக்கணக்கான கைப்பேசிகள் அந்த மாற்றத்தோடு நன்றாகவே இயங்கி வருகின்றன. மாற்ற இயலும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

மாற்று வழியும் அதன் எல்லையும்

ஜாவா 2002 இல், 1.4 ஆம் பதிப்பில், ‘யு.ஆர்.ஐ.’ என்ற வேறொரு கிளாசைத் தந்தது. இது வலையைத் தொடாமல் முகவரியின் எழுத்துகளை மட்டுமே ஒப்பிடுகிறது. நெறிமுறையிலும் தளப்பெயரிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. 2023 மார்ச்சில் வந்த 20 ஆம் பதிப்பு, யு.ஆர்.எல். பொருளை நேரடியாக உருவாக்குவதை விலக்கத்தக்கதென அறிவித்து, முதலில் யு.ஆர்.ஐ. உருவாக்கி அதிலிருந்து பெறுமாறு பரிந்துரைத்தது. ஆகவே செட்டிலும் மேப்பிலும் யு.ஆர்.ஐ. பொருளையே இடவேண்டும், பக்கத்தைத் திறக்கும் தறுவாயில் மட்டும் யு.ஆர்.எல். ஆக மாற்றிக்கொள்ளலாம்.

யு.ஆர்.ஐ. குறையற்றது என்று கருதிவிடவேண்டாம். எச்.டி.டி.பி. முகவரியில் 80 என்ற போர்ட் எண்ணை எழுதினாலும் எழுதாவிட்டாலும் பொருள் ஒன்றே. யு.ஆர்.எல். இதனை அறிந்து இரண்டையும் சமமாகக் கொள்ளும், யு.ஆர்.ஐ. வேறாகக் கொள்ளும். தளப்பெயரின் பின் சாய்கோடு இட்ட முகப்பு முகவரியும் இடாததும் ஒரே பக்கத்தையே தரும். ஆனால் இரண்டு கிளாசுகளும் அவற்றை வேறென்றே கூறும். பாதையில் வரும் புள்ளிகளை நீக்கிச் சீராக்க யு.ஆர்.ஐ. கிளாசில் ‘நார்மலைஸ்’ என்ற மெத்தட் உண்டு. மற்றவற்றை நிரல் எழுதுபவரே சீர்படுத்த வேண்டும்.

தமிழ் முகவரிகளில் இச்சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் தளப்பெயர்கள் இன்று உண்டு. டி.என்.எஸ். அவற்றை ஆங்கில எழுத்துகளாலான ஒரு மாற்று வடிவத்தில் வைத்திருக்கிறது. ஒரே பெயருக்கு இரு தோற்றங்கள்! இதுவன்றிப் பாதையில் வரும் ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் பதிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஜாவா இரண்டையும் வேறென்று கூறும். ஆகவே ஒப்பிடும் முன் ‘நார்மலைசர்’ என்ற கிளாஸ் கொண்டு ஒரே வடிவத்திற்குக் கொண்டுவருதல் நலம்.

இரு கிளாசுகளிலும் குறை உண்டெனில் எதனைத் தேர்வது? இங்கேதான் பிழைகளின் தன்மையை எடைபோட வேண்டும். ஒன்றானதை வேறென்று சொல்லும் பிழையால், ஒரே பக்கத்தை இருமுறை கொண்டுவர நேரும். சிறிது நேரமும் இடமும் வீணாகும். வேறானதை ஒன்றென்று சொல்லும் பிழையால் ஒரு பக்கம் அடியோடு தொலையும், அல்லது ஒருவர் உரிமை மற்றவருக்குப் போகும். டிம் பெர்னர்ஸ் லீ, ராய் ஃபீல்டிங், லாரி மசிண்டர் ஆகியோர் 2005 ஜனவரியில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 3986 என்ற நெறிமுறை ஆவணமும் இதே முடிவுக்கு வருகிறது: முதல் வகைப் பிழையை இயன்றவரை குறைக்க வேண்டும், இரண்டாம் வகையை அறவே தவிர்க்க வேண்டும். யு.ஆர்.ஐ. முதல் வகையில் தவறுகிறது, யு.ஆர்.எல். இரண்டு வகையிலும் தவறுகிறது.

செய்து பாருங்கள்

இதனை நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டியதில்லை. கணிப்பொறி உள்ள எவரும் கால்மணி நேரத்தில் சோதிக்கலாம். கணிப்பொறியில் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சிறு கோப்பு உண்டு. டி.என்.எஸ். கேட்பதற்கு முன் கணிப்பொறி அதனையே பார்க்கும். சோதனைக்கென்று 1999 முதல் ஒதுக்கிவைக்கப்பட்ட ‘டெஸ்ட்’ என்ற முடிவைக் கொண்ட இரண்டு பெயர்களை, மல்லிகை, முல்லை என ஆங்கில எழுத்துகளில் அதில் எழுதி, இரண்டிற்கும் 127.0.0.1 என்ற எண்ணைக் கொடுங்கள். கோப்பைத் திருத்த நிர்வாகி அனுமதி தேவைப்படும். பிறகு அவ்விரு தளங்களின் முகப்பு முகவரிகளையும் யு.ஆர்.எல். பொருள்களாக ஒரு ஹாஷ்செட்டிலும், யு.ஆர்.ஐ. பொருள்களாக மற்றொரு ஹாஷ்செட்டிலும் இட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை உள்ளன என்று அச்சிடும் சிறு நிரலை எழுதி ஓட்டுங்கள். முதற்செட் 1 என்றும், இரண்டாவது 2 என்றும் காட்டும்.

அடுத்து, ஹோஸ்ட்ஸ் கோப்பில் முல்லைக்குரிய வரியை மட்டும் அழித்துவிட்டு நிரலை மீண்டும் ஓட்டுங்கள். இம்முறை முதற்செட்டும் 2 என்று காட்டும். நிரலில் ஓர் எழுத்தைக்கூட நீங்கள் மாற்றவில்லை, முகவரிகளையும் மாற்றவில்லை. யு.ஆர்.ஐ. செட் இரண்டு முறையும் 2 என்றே கூறியிருக்கும். சோதனை முடிந்ததும், மல்லிகைக்குரிய வரியையும் கோப்பிலிருந்து நீக்கிவிட மறவாதீர்கள்.